ஒன்பதாம் நாள் கலங்கியது

என் வீட்டுக்காரியை அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பீப்பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஈர்க்குச்சி. பலமாகக் காற்றடித்தால் நான்தான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர் அவள் வளர்க்கிற உயிரால் வந்தது.

அது தண்ணீரில் வாழ்கிற உயிர். உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல். வெறும் கண்ணுக்குத் தூசு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிப் பீப்பாய், முன்னால் ஒரு கூர்மூக்கு. புத்தகத்தில் டிடினியம் என்று பெயர். அது தின்பது தன்னைப் போலவே ஒற்றைச் செல்லான இன்னொரு உயிரை. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படம் வரைந்தோமே, செருப்பின் அடிப்பாகம் மாதிரி, பாரமீசியம், அதைத்தான். பீப்பாயைவிடச் செருப்பு பெரிசு. இருந்தாலும் பீப்பாய் மூக்கால் ஒரு குத்து குத்தி, வாயை அகலமாகத் திறந்து, முழுசாக விழுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். வேறு எதைப் போட்டாலும் ஏறெடுத்தும் பார்க்காது.

ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பசிக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் இவள் போவாள். "பீப்பாய்க்குச் செருப்பு போட்டுட்டு வந்துடுறேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். புதிதாகக் குடிவந்த மாடிவீட்டுக்காரர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டம்மா வாராவாரம் யாரைங்க செருப்பால அடிக்கப் போறாங்க?" என்று கவலையோடு கேட்டார்.

நான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவன். தண்ணீர் மோட்டார், மிக்ஸி மோட்டார், எது எரிந்துபோனாலும் என் கடைக்கு வரும். விஞ்ஞானம் எனக்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது.

அவள் அங்கே சேர்ந்தது கண்ணாடி கழுவும் வேலைக்கு. படிப்பு பத்தாவது. அந்தக் காலத்தில் ஆய்வு செய்கிற படித்த பிள்ளைகள்தான் பீப்பாய் வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்பதைவிட, சாகடித்தார்கள் என்று சொல்லலாம். மாதம் ஒருமுறை கிண்ணம் கிண்ணமாகச் செத்துப்போகும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இவள்தான் கழுவுதொட்டியில் நின்றபடியே கண்டுபிடித்தாள். அவசரமாகக் கழுவிக் கொடுத்த நாட்களில் போன கிண்ணங்கள்தான் சாகின்றன. சோப்பு. கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சோப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு கிண்ணத்தையும் பதினாலு தண்ணீரில் அலசினாள். சாவு நின்றது. அப்புறம் பிள்ளைகள் லீவில் போகும்போது "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று விட்டுப் போக ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் லீவு முடிந்து வந்தவர்களும் வாங்கிக்கொள்ளவில்லை. பொறுப்பு இவள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தீனி போடுவது சும்மா இல்லை. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, இளகும்போது இழுத்து, தலைமுடி மாதிரி மெல்லிய முனையாக அவளே செய்துகொள்வாள். அந்த முனையால் ஒவ்வொரு பீப்பாயாக உறிஞ்சி எடுத்து, செருப்புகள் நீந்துகிற புதுக் கிண்ணத்தில் விடவேண்டும். செருப்பு அதிகமானால் தின்று தின்று இரண்டாகி நாலாகி, மறுநாளே கிண்ணத்தைக் காலி பண்ணிவிடும். குறைந்தால் பட்டினி. ஒரு பீப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுச் செருப்பு என்பது அவள் கணக்கு. எங்கள் வீட்டில் யார் எத்தனை கவளம் சாப்பிட்டார்கள் என்று அவள் ஒரு நாளும் எண்ணினதில்லை.

இதெல்லாம் இருக்க, அந்தத் துறையின் தலைவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. சாதாரணக் கிண்ணத்தில் பீப்பாயும் செருப்பும் மட்டும் இருக்காது, கூடவே கோடிக்கணக்கில் கிருமிகளும் இருக்கும். அப்படி இருந்தால், எது எதைத் தின்று வளர்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு உயிர்கூட இல்லாத வளர்ப்பு வேண்டும். அதற்குத் "தூய வளர்ப்பு" என்று பெயர். செருப்பைக் கிருமி இல்லாமல் வளர்க்க இவளுக்கு நாலு வருடம் பிடித்தது. கொதிக்கவைத்து ஆறிய சத்துநீரில், பஞ்சடைத்த குழாயில், அது தனியாக வளர்ந்தது. அடுத்தது பீப்பாய்.

ஒரு பீப்பாயை எடுத்து, சுத்தமான தண்ணீரில் ஒரு முக்கு, அங்கிருந்து இன்னொரு தண்ணீரில் ஒரு முக்கு என்று வரிசையாகக் கழுவிக்கொண்டே போக வேண்டும். வெளியே ஒட்டின கிருமி போய்விடும். "வயித்துக்குள்ள இருக்கிறதை யார் கழுவுறது?" என்பாள். அதனால் ஒவ்வொரு கழுவலுக்கும் நடுவே மூன்று மணி நேரம் காத்திருப்பாள், அது வயிற்றைக் காலி பண்ணட்டும் என்று. கழுவி முடித்ததும் பரீட்சை. கிருமிக்கு ரொம்பப் பிடித்த ஒரு சத்துநீர் உண்டு. இவள் அதைச் சூப்பு என்பாள். அதில் பீப்பாய்த் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், ஒரே ஒரு கிருமி இருந்தாலும் பெருகிச் சூப்பைக் கலக்கிவிடும். தெளிவாக இருந்தால் தூயது.

ஆறு குழாய் வைத்தாள். மூன்று நாள் ஆறும் தெளிவு. தலைவர் அன்றைக்கே இன்னொரு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு "தூய வளர்ப்பு கிடைத்துவிட்டது" என்று கடிதம் எழுதிவிட்டார். இவள் ஆறு குழாயையும் கொட்டாமல் வைத்திருந்தாள். மறுபடி ஒருமுறை பார்க்காமல் எதையும் கொட்டாதவள் அவள். வீட்டில் பழைய சாப்பாட்டுக்கும் அதே சட்டம்தான். ஒன்பதாம் நாள் காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், இரண்டு குழாயின் அடியில் புகை மாதிரி ஒரு கலங்கல்.

குழாயை எடுத்துக்கொண்டு நேரே தலைவர் அறைக்குப் போனாள். தலைவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவசரக்காரர். மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

"மூணு நாள் தெளிவா இருந்துச்சா இல்லையாம்மா?"

"இருந்துச்சு சார்."

"அப்புறம் என்ன? மூணு நாள் பார்க்கணும்கிறதுதான் விதி."

"அந்த விதி கிருமிக்குத் தெரியாதே சார். இது மெதுவா வளர்ற கிருமி போல. ஒன்பது நாள் எடுத்திருக்கு."

"நீங்க மூடியைத் திறந்து பார்த்திருப்பீங்க, காத்துல இருந்து விழுந்திருக்கும்."

"நான் திறக்கலை சார்."

அவர் வளர்ப்பு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வளர்ப்புக்கும் ஒரு அட்டை உண்டு. தேதி, தீனி போட்டவர், நிலை, சரிபார்த்தவர் என்று கட்டங்கள். நிலை என்ற கட்டத்தில் "தூயது" என்று அவரே எழுதியிருந்தார். சரிபார்த்தவர் கட்டம் காலி. "நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் அட்டையை என் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறையச் சோற்றோடு, மறைக்காமல் சொல்கிறேன், நானும் தலைவர் பக்கம்தான் பேசினேன்.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காகப் பெரிய மனுஷனோட மோதுறியா? ஊரெல்லாம் நிஜத்துக்குத்தான் கையெழுத்துப் போடுதா? போட்டுட்டுப் போயேன்."

"நீங்க ஒரு மோட்டார்ல காயில் சரியாச் சுத்தாம, சுத்தியாச்சுன்னு சொல்லிக் குடுத்துருவீங்களா?"

ஒரு தடவை அப்படிக் கொடுத்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவள் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அதற்கு மேலே, "தூயது" என்ற வார்த்தையின் பக்கத்தில், அழியாத மையில் "ஒன்பதாம் நாள் கலங்கியது" என்று எழுதி, அதற்குக் கீழேதான் போட்டாள். அதைத் தலைவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, செருப்புக் குழாய்களுக்குப் பஞ்சு மாற்றப் போய்விட்டாள்.

ஒரு மணி நேரத்தில் உத்தரவு வந்தது. நாளை முதல் கழுவும் அறை. பீப்பாய் அறைச் சாவியைப் புதிதாக வந்திருக்கும் ஆய்வாளரிடம் ஒப்படைக்கவும்.

தலைவர் வேறு அட்டை எழுதினார். அதில் புது ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். அந்த அட்டையின் நகலோடு பீப்பாய்கள் அடுத்த ஊர் ஆய்வுக்கூடத்துக்குப் போயின.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சேர்ந்த அதே அறை, அதே தொட்டி. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளிடம் நானே போய், "அழுதியா?" என்று கேட்டேன். "எதுக்கு அழணும்? கழுவுற அறையில நல்ல ஜன்னல் இருக்கு" என்றாள். மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்மா சிரிக்கிறதைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்று என் காதில் சொன்னாள்.

சாவியைக் கொடுக்கும்போதே புது ஆய்வாளருக்கு இரண்டு பக்கத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். பெரிய படிப்புப் படித்தவர், மரியாதையான பிள்ளை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான். ஐந்தாவது மாதம் ஏதோ கூட்டம் என்று நாலு நாள் வெளியூர் போனார். போவதற்கு முன் பசி தாங்கட்டும் என்று எல்லாக் கிண்ணத்திலும் செருப்பை அள்ளி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டே நாளில் பீப்பாய்கள் பத்து மடங்காகி, கடைசிச் செருப்பு வரைக்கும் தின்று தீர்த்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால் கிண்ணத்தில் ஒன்றும் நீந்தவில்லை. அடியில் ஏதோ மண் மாதிரி. "வளர்ப்பு இறந்துவிட்டது" என்று அட்டையில் எழுதி, பத்தொன்பது கிண்ணத்தையும் தட்டில் அடுக்கிக் கழுவ அனுப்பிவிட்டார்.

கழுவுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

இவள் முதல் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், சாய்க்கப் போனாள், நிறுத்தினாள். கழுவும் அறையில் கீறல் பார்ப்பதற்காக ஒரு பழைய கைலென்ஸ் கிடக்கும். அதை வைத்துப் பார்த்தாள். அடியில் கிடந்தது மண்ணில்லை. மணி மணியாக, உருண்டையாக, ஓடு மூடிய பீப்பாய்கள். பட்டினி என்று தெரிந்ததும் அது மூக்கையும் நீந்த உதவும் மயிரையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே ஓடு கட்டிக்கொண்டு, தூங்கப் போய்விடும். வருடக்கணக்கில்கூட அப்படியே கிடக்குமாம். ஆய்வாளர் கேள்விப்பட்டிருப்பார், கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது.

பதிமூன்று கிண்ணத்தைக் கழுவினாள். ஆறைக் கழுவவில்லை. ஜன்னலோரமாக மூடி வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகப் பேசவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சொன்னாள். "ஓடு இருக்குங்க. ஓடு இருந்தா மருந்து தாங்கும்."

அவள் திட்டம் இதுதான். நீந்துகிற பீப்பாயைக் கிருமிநாசினியில் போட்டால் அதுதான் முதலில் சாகும். ஓட்டுக்குள் தூங்குகிற பீப்பாயைப் போட்டால், வெளியே இருக்கிற கிருமி செத்து, உள்ளே இருப்பது பிழைக்க வாய்ப்புண்டு. ஓடு கட்டுவதற்கு முன்னால் வயிற்றையும் காலி செய்திருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளைத் தடுத்து நிறுத்திய வெளிக் கிருமி, வயிற்றுக் கிருமி இரண்டுக்கும் பட்டினியே வழி காட்டியிருந்தது.

பக்கத்து ஆய்வு அறையில் பாசி வளர்க்கிற ஒரு மேடம் இருந்தார். எல்லோரும் பாசி மேடம் என்பார்கள். இவள் முன்பே யோசனையாக, தூய செருப்புக் குழாய்களில் ஒரு செட்டை அவரிடம் பத்திரத்துக்குக் கொடுத்து வைத்திருந்தாள். கொதிக்கவைக்கும் பெரிய அழுத்தப் பானை கழுவும் அறையிலேயே இருந்தது, அதை ஓட்டுவதும் இவள்தான். இல்லாதது ஒன்றே ஒன்று. காற்றில் தூசு விழாமல் கையை உள்ளே விட்டு வேலை செய்ய ஒரு கண்ணாடிப் பெட்டி.

"நீங்க ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றாள்.

"அதையும் வெச்சு நீ மெமோ வாங்கப்போறே" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து நானே கடைக்குப் போய், யாரோ விட்டுப்போன உடைந்த மீன்தொட்டியை அறுத்து, முன்பக்கம் இரண்டு கை நுழைகிற மாதிரி ஓட்டை போட்டு, விளிம்புக்கெல்லாம் ரப்பர் ஒட்டிக் கொடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காயில் சுற்றாத மோட்டார் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

முதல் தடவை ஐந்து நிமிடம் மருந்தில் வைத்தாள். மறுநாளே சூப்பு பால் மாதிரி கலங்கியது. இரண்டாவது தடவை இருபது நிமிடம். சூப்பு கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் ஒரு ஓடும் திறக்கவில்லை, உள்ளே எல்லாம் செத்திருந்தன. மூன்றாவது தடவை பன்னிரண்டு நிமிடம். பிறகு பன்னிரண்டு தண்ணீர், ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு புதுக் குழாய்முனை. பாசி மேடம் கொடுத்த தூய செருப்புகளோடு ஓடுகளை விட்டுக் காத்திருந்தாள்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் கூடப் போயிருந்தேன். பாசி மேடத்தின் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அசையவே இல்லை. பிறகு நகர்ந்து, "நீங்க பாருங்க" என்றாள். நான் பார்த்தேன். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம், பெரிய செருப்புகள் நடுவே, குட்டியாக ஒன்று பம்பரமாகச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு செருப்பில் மோதியது. அவ்வளவுதான், செருப்பு ஆடிப்போய் நின்றுவிட்டது. பீப்பாய் வாயைத் திறந்து, பாம்பு தவளையை விழுங்குகிற மாதிரி, தன்னைவிடப் பெரிசை உள்ளே தள்ளியது. ஒரு நிமிடம்கூட இருக்காது.

"இவ்வளவு பெரிசை எப்படி முழுங்குது?" என்று கேட்டேன்.

"அளவு பார்த்துட்டு இருந்தா அது என்னைக்குச் சாப்பிடுறது?" என்றாள்.

ஓட்டை உடைத்து வந்தது அந்த ஒன்றுதான். அந்த ஒன்றிலிருந்து இரண்டு, நாலு, ஐந்நூறு. முப்பது சூப்புக் குழாய் வைத்தாள். மூன்று நாள், ஒன்பது நாள் தாண்டியும் கொட்டவில்லை. இருபத்தொரு நாள் வைத்தாள். முப்பதும் தெளிவு. இருபத்திரண்டாம் நாள் காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, தலைவர் அறைக்கு நடந்தாள். புது ஆய்வாளரும் பாசி மேடமும் அங்கே இருந்தார்கள். பாசி மேடம்தான் அன்றைக்கு நடந்ததைப் பின்னால் எனக்குச் சொன்னார்.

தலைவர் குழாய்களைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? ஆய்வுக்கூடத்துப் பொருளை எடுத்து ஒளிச்சு வெச்சா அதுக்குப் பேர் என்ன தெரியுமா? திருட்டு."

"செத்துப்போச்சுன்னு இவரே அட்டையில எழுதிட்டாரே சார். செத்தது எப்படிங்க சார் திருட்டுப் போகும்?"

புது ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே மெமோ வந்தது. ஒரு வாரத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும். மறுநாள் தலைவர் குரல் மாறியது. தனியாகக் கூப்பிட்டார். "பாருங்கம்மா, பெரிசு பண்ண வேண்டாம். அந்தக் குழாயைக் குடுத்துடுங்க. பழைய அட்டையையே வெச்சுக்குவோம், பழைய தேதியிலேயே இருக்கட்டும். நீங்க சரிபார்த்தவர்னு கையெழுத்துப் போட்டா போதும். மெமோவை நான் பார்த்துக்கிறேன். உங்க அறையும் உங்களுக்கு."

அவருக்கு வேண்டியது புரிகிறது அல்லவா? முதலில் அனுப்பியதும் தூயதாகவே இருந்ததாக ஆகிவிடும்.

"அது வேற பிறப்பு, இது வேற பிறப்பு சார். அதோட தேதியை இதுக்குப் போடமாட்டேன்."

"வேலை போயிடும்மா."

"வேலை போகட்டும் சார். தேதி போகாது."

இந்த இடத்தில் நான் அவளைத் தடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. உண்மையில் தடுக்க நினைத்தேன். வாய் வரவில்லை, அவ்வளவுதான். மெமோவுக்குப் பதிலை அவளே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள்.

"ஐயா, நான் எடுத்தது கழுவப் போட்ட கண்ணாடி. கழுவுவது என் வேலை. கழுவும் முன் பார்த்தேன், உயிர் இருந்தது. உயிருள்ளதைச் சாக்கடையில் கொட்டும்படி எனக்கு உத்தரவு இல்லை. பழைய தேதியில் கையெழுத்துப் போட முடியாது. இப்படிக்கு."

மகள் வாங்கிப் படித்தாள். "அம்மா, 'மன்னிக்கவும்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோயேன்."

"எதுக்கு?"

"ஒரு மரியாதைக்கு."

"ஐயான்னு போட்டிருக்கேனே, அது மரியாதை இல்லையா?"

ஒரு பிரதி தலைவருக்கு, ஒரு பிரதி அவருக்கும் மேலே இயக்குநருக்கு. இயக்குநர் மூன்று பேர் கொண்ட விசாரணை வைத்தார். இவள் தன் நோட்டையும் முப்பது குழாயையும் எடுத்துக்கொண்டு போனாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கேட்டாராம், "உங்க படிப்பு என்ன?"

"பத்தாவது."

"அப்ப இது தூயதுன்னு எந்த ஆதாரத்துல சொல்றீங்க?"

"நான் சொல்லலைங்க, குழாய் சொல்லுது. நம்பிக்கை இல்லைன்னா உங்க அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. இன்னும் இருபத்தொரு நாள் கழிச்சு நீங்களே திறந்து பாருங்க. சாவி எனக்கு வேண்டாம்."

பூட்டினார்கள். அந்த இருபத்தொரு நாளும் அவள் கழுவும் அறையில் எப்போதும் போலக் கண்ணாடி கழுவினாள். நான்தான் கடையில் இரண்டு மோட்டாரைத் தப்பாகச் சுற்றி, திரும்பப் பிரித்துச் சுற்றினேன்.

திறந்த அன்று இருபத்தொன்பது குழாய் தெளிவு. ஒன்று கலங்கியிருந்தது. தலைவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். இவள் நோட்டைத் திறந்து, ஒப்படைத்த நாளில் எழுதின பக்கத்தைக் காட்டினாள். பதினேழாவது குழாய்க்கு நேரே, "வாய்ப் பஞ்சு ஈரம், கலங்கலாம்" என்று இருந்தது. கலங்கியது பதினேழாவதுதான். நடுவில் இருந்தவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

முடிவு முழுசாக எங்கள் பக்கம் வந்தது என்று சொல்லமுடியாது. முதலில் அனுப்பிய வளர்ப்பைத் தூயது என்று கொள்ள வேண்டாம் என்று தலைவர் அடுத்த ஊர் ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. எழுதினார். திருட்டு என்ற வார்த்தையை மெமோவிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் இடத்தைப் பயன்படுத்தியதற்காக இவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். "எனக்கு வேண்டாத கடிதத்துக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?" என்று திருப்பி அனுப்பினாள். மூன்று முறை போய்த் திரும்பி வந்தது. இப்போது அலுவலகக் கோப்பில் கையெழுத்து இல்லாமலே கிடக்கிறது. சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதற்காக அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை.

பீப்பாய் அறைச் சாவி திரும்பி வந்தது. நியாயத்துக்காக வந்ததா, வேறு யாரும் அதை உயிரோடு வைத்திருக்க முடியாது என்பதால் வந்ததா என்று நான் கேட்டால், "சாவி வந்துச்சுல்ல?" என்பாள். புது ஆய்வாளர் ஒரு நாள் வந்து, "ஓடு கட்டினதை எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் காட்டுவேன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வரவழைத்துக் காட்டினாள்.

தலைவர் அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார். இவள் அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பிவிடுவாள். பேப்பர் மிச்சம் என்பாள். ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது அதில் இவள் பெயர் இல்லை. பாசி மேடம் கொதித்துப் போய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இவள் கட்டுரையை வாங்கி, படங்களை மட்டும் புரட்டிப் பார்த்து, "மூணாவது படத்துல பீப்பாயைத் தலைகீழா போட்டிருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ஒரு துண்டுச்சீட்டு எழுதினாள். இனி வெளியே போகிற ஒவ்வொரு குழாயிலும் "வளர்த்தவர்" என்று போட்டுத் தன் பெயரை எழுதப்போவதாகவும், வேண்டாமென்றால் குழாய் வெளியே போகாது என்றும். பின்பக்கத்தில் பதில் ஒன்றும் வரவில்லை. அவளாகவே எழுத ஆரம்பித்தாள். இதுவரை யாரும் அழிக்கவில்லை.

போன மாதம் வெளியிலிருந்து ஏழெட்டுப் பேர் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். தலைவர் பீப்பாய் அறைக்கும் கூட்டிவந்தார். ஒற்றைச் செல் வேட்டைக்காரன் ஒன்றை மூன்றாவது உயிர் எதுவும் கலக்காமல் இங்கே எட்டு வருடமாக வளர்த்து வருகிறோம் என்றார். வந்தவர்களில் வயதான ஒரு அம்மாள், "எத்தனை பேர் இதுல வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"நாங்க ஒரு குழுவா செய்றோம்" என்றார் தலைவர்.

இவள் அப்போது தீனி போட்டுக்கொண்டிருந்தாள். குழாயின் மறுமுனையை வாயிலிருந்து எடுக்காமல் தலையையும் தூக்காமல் இருந்தவள், அந்தப் பீப்பாயைப் புதுக் கிண்ணத்தில் விட்டு முடித்ததும் திரும்பினாள்.

"குழு இல்லைங்க. நான் ஒருத்திதான்."

அந்த அம்மாள் தலைவரைத் தாண்டி வந்து, இவளுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அப்ப நீங்களே சொல்லுங்க" என்றார். இவள் முக்கால் மணி நேரம் சொன்னாள். அறையில் வேறு ஸ்டூல் கிடையாது. தலைவர் நின்றுகொண்டே கேட்டார்.